மறுமுனையில் நின்றவர்

தர்மபுரிப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பேர் வாங்குவது துரியோதனன் வேஷக்காரர். நடுச்சாமத்தில் சனம் கண்ணயர்ந்துவிடாமல் கூத்தைக் கொண்டுசெலுத்துவது கட்டியங்காரன். நடிகர் டெல்லி கணேஷை நினைத்தால் எனக்கு அந்தக் கட்டியங்காரன்தான் கண்முன் வருகிறான்.

1944-ல் வல்லநாட்டில் பிறந்து, 1964 முதல் பத்தாண்டு விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா அவரை நடிகராக்கியது. சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு. விசுவின் ‘பட்டினப்பிரவேசம்’ நாடகத்தைப் பாலசந்தர் 1977-ல் படமாக்கியபோது திரைக்கு வந்தார்.

மேடையில் இன்னொரு டேக் கிடையாது. எதிரில் நிற்பவர் வசனத்தை விட்டால் அடுத்தவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் காது திறந்திருக்க வேண்டும். கணேஷின் பலம் அந்தக் காதுதான். கிரிக்கெட்டில் ஒருவர் விளாசும்போது மறுமுனையில் விக்கெட்டைக் காத்து நிற்பவரின் ஆட்டம் அது.

‘மைக்கேல் மதன காமராஜ’னைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமைக்காரர், பாலக்காடு மணி ஐயராக மலையாள வாடைத் தமிழை வாயில் வெல்லமாகக் கரைக்கிறார். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்த விவகாரத்தில் அவர் சிரிப்பு மூட்ட முயல்வதே இல்லை. சமையல்காரனின் மானம் போகிறதே என்று நிஜமாகவே பதறுகிறார். அதனால்தான் நமக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. அதே மனிதர் ‘சிந்து பைரவி’யில் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்கக்காரர், ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லன். குரலை உயர்த்தாமலே மூன்றும் வேறு வேறு ஆட்கள்.

சின்னத்திரைத் தொடர்களிலும் அந்த அடக்கத்தை அவர் விடவில்லை. முகத்தை மூன்று முறை காட்டி இசையை முழக்கும் இடத்தில் கண்ணை உருட்டாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமல்ல.

என் ஆதங்கம் ஒன்றுதான். ‘பசி’ படத்துக்காக மாநில அரசின் சிறப்புப் பரிசு பெற்ற இந்தக் கலைஞருக்குத் தமிழ் சினிமா பெரும்பாலும் அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் வேஷங்களையே கொடுத்தது. நானூறு படங்களுக்கு மேல் நடித்தும், ஒரு முழுப் படத்தைத் தோளில் சுமக்கும் வாய்ப்பு அவருக்கு அபூர்வம். அது நமக்குத்தான் நஷ்டம்.

2024 நவம்பர் 9-ல் மறைந்தார். அடுத்த முறை அவர் படம் தொலைக்காட்சியில் வந்தால், வசனம் இல்லாமல் அவர் நிற்கும் இடங்களைக் கவனியுங்கள்.