ஊசோனும் பாலந்தையும்: வாசகர் கேள்வியும் விமர்சகர் தீர்ப்பும்

திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’, ஈழத்துத் தமிழ் நாவல் வரலாற்றில் சித்தி லெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’க்கு (1885) அடுத்ததாகக் குறிப்பிடப்படுவது வழக்கம். இடம் கிடைத்ததேயன்றி மதிப்புக் கிடைக்கவில்லை. ஐரோப்பிய வீரசாகசக் கதையின் தழுவல், நம்பவியலாச் சம்பவங்களின் கோவை, ஆதலால் நாவலன்று என்ற தீர்ப்பை வகுப்பறையில் நானும் ஒப்புவித்ததுண்டு.

மூலக்கதை 1489இல் லியோன் நகரில் அச்சேறியது. வீண்பழி சுமந்து நாடுகடத்தப்பட்ட அரசி காட்டில் இரட்டையரைப் பெறுகிறாள். ஒரு குழந்தையைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கிறது. மற்றையது அரண்மனையில் வளர்கிறது. அரண்மனையில் வளர்ந்தவன் காட்டில் வளர்ந்தவனைப் போரிட்டு அடக்குகிறான். அவர்கள் உடன்பிறந்தோர் என்பதைப் பேசும் பித்தளைத் தலையொன்று வெளிப்படுத்துகிறது. இருள் நிறைந்த இக்கதை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறுவர் நூலாகவே விற்பனையாயிற்று. நமது கத்தோலிக்கக் கரையோரங்களில் எஸ்தாக்கியார் நாடகம் கண்டவர்களுக்கும், பிள்ளைகளை விலங்குகள் கவர்ந்து செல்வதும் சிதறிய குடும்பம் மீண்டும் கூடுவதும் புதியனவல்ல. ‘இது நடக்கக்கூடியதா?’ என்ற வினாவோடு அவர்கள் கதை கேட்கவில்லை.

அண்மையில் துறைமுகத்தை அண்டிய குடியிருப்பொன்றில் மாணவர் சிலருக்கு இக்கதையைக் கூறினேன். பித்தளைத் தலையை எவரும் ஆட்சேபிக்கவில்லை. ‘காட்டில் வளர்ந்தவன் மட்டும் ஏன் மாறவேண்டும், சேர்?’ என்றாள் ஒரு மாணவி. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்த பின்னர் முகாமில் பிறந்த ஒருவன், ‘அவனுக்குக் கரடிதானே தாய்? அதை ஏன் ஒருவரும் தேடவில்லை?’ என்றான்.

விமர்சகர் எவரும் கேட்கத் தவறிய கேள்விகள் இவை (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்). கதையின் கருத்துநிலை நிலமானியக் குருதிக் கொள்கையாகும். காட்டில் கிடந்தாலும் அரச இரத்தம் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஞானஸ்நானமும் அரண்மனைப் பழக்கமும் அதனைத் துலக்கும். வளர்த்த உழைப்புக்கு அங்கே கணக்கில்லை. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த துறைமுகத்தில், காட்டான், நாகரிகன் என்ற பாகுபாடு வெறுங் கற்பனையாக இருந்திருக்க முடியாது. யதார்த்தமின்மையையே குற்றமாகக் கண்ட நாம் இதனைக் காணவில்லை.

நான்கு ஆண்டுகளின் பின்னர் அதே ஊரவரான த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’யை (1895) எழுதியபோது அதனை வளர்ச்சிப்படி என்று வரவேற்றோம். அற்புதங்கள் நீங்கி வரலாறு புகுந்தது மெய்யே. அரண்மனை நீங்கவில்லை.