மணியில் உள்ள பெயர்

'நியூசிலாந்தில் தமிழ் மணி' எமது விழா மேடைகளில் அலுக்காது சொல்லப்படும் பெருமைக் கதை. 1836 அளவில், வாங்கரேய்ப் பக்கத்தில் மாவோரிப் பெண்கள் கிழங்கு அவித்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரமொன்றை மிஷனரி வில்லியம் கொலன்சோ கண்டு, இரும்புச் சட்டியொன்றைக் கொடுத்து வாங்கினார். அது உடைந்த கப்பல் மணி, பொறித்திருந்தது தமிழ். இன்று வெலிங்டன் 'தே பாப்பா' அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது இங்கு எப்படி வந்ததென்பது இன்னும் தீராத கேள்வி. எம்மவருக்கோ தீர்ந்துவிட்டது: 'தமிழன் முந்தி வந்தான்.'

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் மாவோரி நண்பரிடம் இதைச் சொன்னபோது, "எங்கட கிழவிமார் சமைத்த சட்டிதானே?" என்றார். சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. 2006இல் திருத்தப்பட்டு 'பாதுகாக்கப்பட்ட பொருட்கள் சட்டம்' எனப் பெயர் பெற்ற 1975ஆம் ஆண்டுச் சட்டம், மாவோரி வரலாற்றோடு தொடர்புடைய, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொருளை, மாவோரிகள் செய்திராவிட்டாலும் பயன்படுத்தியிருந்தாலே அவர்களது மரபுப் பொருளாகக் கொள்கிறது. புதிதாகக் கண்டெடுக்கப்படுவது முதலில் அரசுடைமை. ஆனால் உரிமை கோருவோர் மாவோரிக் காணி நீதிமன்றத்தை நாடலாம். காணி பறித்த அரசே முதல் உரிமையாளன் என்பது இதன் குறை. எனினும் வாழ்ந்தவர் பேச ஒரு வாசல் உண்டு.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தத் தினமான 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. கண்டுபிடிக்கப்படாதவை யாவும் அரசுடைமை. இந்த வரையறையில் இனம் இல்லை; அதை வாசிப்பவரிடம் இருக்கிறது. 2020இல் கிழக்கின் தொல்பொருள் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணிக்குத் தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில் இல்லை. குருந்தூர்மலையில் புதிய கட்டுமானத்தை நிறுத்தும்படி 2022இல் முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி சரவணராஜா 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டிப் பதவி விலகி, நாட்டைவிட்டு வெளியேறினார்.

இதைக் கண்டிக்க எமக்கு உரிமை உண்டு. ஆனால் மணியில் உள்ள பெயர் என்ன? முகையதீன் வக்குசு. கப்பற்காரருடையதோ கப்பலுடையதோ, அது ஒரு முஸ்லிம் பெயர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதன் பின்னரும் மேடையில் எழுத்தை வாசிக்கிறோம், பெயரை விழுங்கிவிடுகிறோம். வேண்டிய அடுக்கை மட்டும் வாசிக்கும் கலையை நாம் கொழும்பிடம் கற்கத் தேவையில்லை. 'பௌத்தம் என்றால் சிங்களம்' என்ற பேரினவாதச் சமன்பாட்டையும், மணிமேகலையை வைத்துக்கொண்டே, 'சைவம் மட்டுமே' என்ற பதிலால் நாம் உறுதிசெய்கிறோம்.

ஆகவே எமது கோரிக்கை, தொல்பொருட் திணைக்களத்தில் ஆளை மாற்றுவதோடு முடியக்கூடாது. வர்த்தமானியில் ஓரிடம் அறிவிக்கப்படுமுன், அங்கு உழுபவர், வழிபடுபவர், விரட்டப்பட்டவர் அனைவரும் கேட்கப்படவேண்டும். பிணக்கை இராணுவமல்ல, அச்சமின்றி இயங்கும் நீதிமன்றம் தீர்க்கவேண்டும். இந்த நியாயம் குருந்தூர்மலைக்குப் பொருந்துமாயின், யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவுக்கும் பொருந்தும். இரண்டாவதைச் சொல்ல நாக்கூசுபவர் முதலாவதைச் சொல்வதில் பயனில்லை.