அசிமோவின் ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’: காலத் திருத்தமும் பொறுப்பும்

1955இல் வெளிவந்த ஐசக் அசிமோவின் ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’ காலப்பயண நாவலாகவே வகைப்படுத்தப்படுகிறது. எனினும் காலப்பயண ஊர்தி இதில் ஏறத்தாழ ஒரு மின்தூக்கிபோலவே இயங்குகிறது. அதில் ஏறுவோர் எவரும் வியப்பதில்லை. ஆசிரியரின் கவனம் அவ்வூர்தியைக் கொண்டு நடத்தப்படும் நிர்வாகத்தின்மீதே குவிகிறது.

27ஆம் நூற்றாண்டில் தோன்றிய ‘எடர்னிட்டி’ என்னும் அமைப்பு, மனிதகுலத்தின் துயரைக் குறைக்கும் நோக்குடன் வரலாற்றைத் திருத்துகிறது. திருத்தம் இயன்றவரை சிறியதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. ஹார்லன் ஒரு பொறியமைப்பைச் சற்றுக் குலைக்கிறான். ஓர் இளைஞன் ஒரு விரிவுரைக்குச் செல்ல இயலாமற் போகிறது. அடுத்த நூற்றாண்டின் போர் ஒன்று நடவாமலே மறைகிறது. அத்துடன் சில மனிதர்களின் இயல்பும் மாறிவிடுகிறது. ஆனால் மாறியவர்களுக்கு அது தெரியாது.

இங்கே பொறுப்பு பங்கிடப்படும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒருவர் அவதானிக்கிறார், மற்றொருவர் தனிமனித வாழ்வுகளைக் கணிக்கிறார், வேறொருவர் முடிவெடுக்கிறார். செய்து முடிப்பவன் தொழில்நுட்பன். முடிவெடுத்தவரை மதிக்கும் சக ஊழியர்கள், செய்தவனைக் கண்டால் ஒதுங்குகின்றனர். அனைவரின் குற்றவுணர்வும் அவனது தோளிலுள்ள சிவப்புச் சின்னத்தின்மேல் ஏற்றப்படுகிறது. அலுவலக வாழ்வை அறிந்தோர்க்கு இது புதிதன்று. நாவலின் மிக வலுவான பகுதி இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து.

முடிவு அத்தகைய வலுவுடையதன்று. ஆபத்துகளைத் தவிர்த்துத் தவிர்த்தே விண்வெளிப் பயணத்தையும் எடர்னிட்டி தடுத்துவிட்டது என்று வாதிடும் நோயிஸ், அதனை அழிக்க ஹார்லனை இணங்கச் செய்கிறாள். ஆயின் அவளும் பல மெய்ம்மைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே வந்தவள். மனிதகுலத்தைக் கேளாமல் அதன் வருங்காலத்தை வகுக்கும் உரிமை கைமாறுகிறதே தவிர ஒழியவில்லை.

புதிய மெய்ம்மையில் முதல் அணுவெடிப்பு 30ஆம் நூற்றாண்டிலிருந்து 1945க்கு முன்நகர்கிறது. ஹிரோஷிமா நிகழ்ந்து பத்தே ஆண்டுகளில் வெளிவந்த நூல் இது. அதுவரை ஒவ்வொரு திருத்தத்திலும் தனிமனித வாழ்வுகளைத் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டிய நாவல், இவ்விடத்தில் மட்டும் கணக்கெடுக்காமல் கடந்துவிடுகிறது.