என்பிடெல்லின் திறந்த உரிமமும் பி ஷிஃப்ட்டும்

திறந்த கல்வி என்றதும் 2001இல் எம்ஐடி அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர்தான் பலருக்கும் ஞாபகம் வரும். உரிமத்தை மட்டும் பார்த்தால், சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கும் நம்ம என்பிடெல் அதைவிட ஒரு படி மேல். எம்ஐடி பாடங்களை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. என்பிடெல் பாடங்களை யாரும் பிரதி எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், புத்தகமாக விற்கவும் செய்யலாம்; மூலத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும்.

சரி, இதை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோவோம். 1998இலிருந்து ஹூண்டாய் கார் செய்யும் ஊர். சுற்றிலும் உதிரிபாக ஆலைகள். அவற்றில் ஐடிஐ, டிப்ளமோவோடு படிப்பை நிறுத்தியவர்கள் ஏராளம். இலவசப் பாடம் இவங்களுக்குத்தானே முதல்ல போய்ச் சேரணும்?

நடைமுறையைப் பாருங்க. 12 வாரப் பாடம் என்றால் வாராவாரம் அசைன்மெண்ட், அதற்கொரு கெடு. ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கு இது சிரமம்தான். ஆனாலும் சிறந்த 8 அசைன்மெண்ட்களை மட்டும் கணக்கில் எடுப்பதால் சமாளிக்கலாம். மீதி 75 மதிப்பெண்ணுக்கு, காசு கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுதணும். அதையும் எழுதிட்டார்னே வைத்துக்கொள்வோம். கையில் ஒரு சான்றிதழ் வரும். ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்கிறது யுஜிசியின் 2021 விதி. ஆனால் அந்த கிரெடிட் ஏற்கனவே கல்லூரியில் சேர்ந்திருப்பவருக்குத்தான். கல்லூரிக்கு மாற்று என்று நாம் கொண்டாடுவது, உண்மையில் கல்லூரிக்கு ஒரு துணைப்பாடம்.

மொழி இன்னொரு சுவர். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருக்கு, நல்லது. ஆனால் வெல்டிங் பாடம்கூட பி.இ. மாணவரை மனதில் வைத்து வெப்பப் பரவல் சமன்பாடுகளுக்குப் போகிறது. தினமும் வெல்டிங் செய்கிறவர் கேட்கும் கேள்வி வேற.

இந்த விஷயத்தில் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் எனக்கு அதிகம் பிடிக்கும். பத்து நிமிடத் துண்டுகள், தமிழ்க் குரல், பார்த்துக்கொண்டே கணினியில் செய்து பழகலாம். லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், பைதான் எல்லாம் இப்படிக் கற்கலாம். குறை என்னன்னா, இவை கட்டற்ற மென்பொருள்கள். ஆலைக்குள் இயந்திரங்களை ஓட்டும் பிஎல்சியின் மென்பொருள் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் பூட்டுக்குள். வீட்டில் போட்டுப் பழகணும்னா லைசென்ஸ் வாங்கணும்.

என்பிடெல்லின் பிஎல்சி, வெல்டிங் பாடங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஷாப் ஃப்ளோர் தமிழில் பேசிப் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. உரிமம் அதைத்தான் சொல்கிறது. அந்த வேலைக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.