மெய்க்கீர்த்தியும் எல்லைக் குறிப்பும்: கொம்தார் விவாதத்தை முன்வைத்து

பினாங்கு மாநில அரசின் அலுவலகங்களைத் தாங்கி நிற்கும் கொம்தார் பற்றிய பேச்சு அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 1974ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிரதமர் துன் அப்துல் ரசாக் தொடக்கிவைத்த பணி, 1980களின் நடுவில் 65 மாடிக் கோபுரமாக நிறைவுற்றது. திட்டம் முதலமைச்சர் லிம் சொங் இயூவினுடையது. கட்டடக் கலைஞர் அவருடைய தம்பி லிம் சொங் கீட். இவ்வுறவு பேச்சுக்கு இடந்தந்ததில் வியப்பில்லை.

ஆதரிப்போர், 1969இல் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையில் தவித்த தீவை நினைவூட்டுவர். எதிர்ப்போர், தாழ்ந்த கடைவீடுகளின் நகருக்கு அவ்வுயரம் ஒவ்வாது என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இருசாராரும் கட்டடத்தைத் தலைவரின் மெய்க்கீர்த்தியாகவே வாசிக்கின்றனர் என்பது நம் கருத்து. ஒருவர் அதில் தொலைநோக்கைக் காண்கிறார். மற்றவர் செருக்கைக் காண்கிறார். பாட்டுடைத் தலைவர் மட்டும் மாறவில்லை.

சோழர் கல்வெட்டுகளைப் பயின்றோர் ஒன்றை அறிவர். மெய்க்கீர்த்தி முடிந்த பின்னரே செய்தி தொடங்கும்: எந்த நிலம், அதன் நான்கெல்லை எவை, எந்த வரி நீங்கிற்று, யார் பெற்றார், யார் கொடுத்தார். வரலாற்றாய்வாளர் ஊரின் வாழ்வை அறிவது பெரிதும் இப்பகுதியால்தான். (நம் வகுப்பறைகளில் முன்பகுதியைப் பாடமாக்கி இதனை விட்டுவிடும் வழக்கமும் உண்டு.) கொம்தார் விவாதத்தில் மெய்க்கீர்த்தி நீண்டு கிடக்கிறது, எல்லைக் குறிப்புச் சுருங்கிவிட்டது. அத்திட்டத்துக்காக மறைந்த கிளாட்ஸ்டன் சாலையின் குடியிருப்பாளர் எங்குச் சென்றனர் என்பது இன்றைய பேச்சில் அரிதாகவே எழுகிறது.

சென்னையிலும் இதே நிலைதான். ஓமந்தூரார் தோட்டத்தில் மு. கருணாநிதி எழுப்பிய தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சிக்கு வந்த ஜெ. ஜெயலலிதா புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பினார். 2014 முதல் அது பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை. யாருடைய கட்டடம் என்ற வினாவே அங்கும் மேலோங்கிற்று.

கொம்தாரிலிருந்து பினாங்கு சாலை வழியே சிறிது தொலைவு நடந்தால் சூலியா தெரு. பிரான்சிஸ் லைட் வகுத்த முதல் நகரமைப்பின் தெற்கெல்லை அது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரையே தாங்குவது. நாகூர் தர்காவின் நினைவிடமும் அங்குண்டு. கோபுரம் இத்தெருவை விழுங்கிவிடவில்லை. இத்தகைய தெருக்களின் சிறுவணிகரைத் தாங்கியது 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் காப்பு முற்றும் ஒழிந்தது. வாடகை உயர, தலைமுறைகளாகக் கடைவீடுகளில் வாழ்ந்தோர் பலர் நகரின் உட்பகுதியை விட்டு நீங்கினர். 2008இல் உலக மரபுடைமைத் தகுதி கிடைத்தபோது முகப்புகள் காக்கப்பட்டன. முகப்புக்குப் பின்னே குடியிருந்தோருக்கு அத்தகுதி காப்பாக அமையவில்லை. உயரத்தை அளந்த விவாதம் வாடகையை அளக்கவில்லை. மரபு காப்போர் சிலர் அப்போதே இதனை எச்சரித்தனர் என்பதை மறுப்பதற்கில்லை; ஆனால் அக்குரல் ஒரு தலைவரின் பெயரோடு பிணையாததால் நினைவில் தங்கவில்லை என்றே கருதுகிறோம்.

சூலியா தெருவுக்கு எல்லைக் குறிப்பு இல்லாமலில்லை. வக்பு நில ஆவணங்கள், கடை உரிமங்கள், வாடகைச் சீட்டுகள், தமிழில் எழுதிய கணக்கேடுகள் ஆகியவை அதன் பின்பகுதி. கொம்தாரைப் பற்றி இனி எழுதப் புகும் தமிழாய்வாளர் முதலில் புரட்ட வேண்டியவை இவையே.