பலகைத் தடுப்பும் பணியாளரும்

மேசை நாற்காலியை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறவர், மனிதர் யாரோடு பேசுவார் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார் என்பது என் கருத்து. மும்பை அலுவலகங்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

1978இல் அன்றைய பம்பாயில் நான் ஸ்டெனோவாகச் சேர்ந்தபோது, ஒரே நீளக் கூடம், வரிசையாக மேசைகள், கோடியில் சூப்பரின்டெண்டெண்ட். அவர் கண்ணில் படாமல் ஒருவரும் எழுந்திருக்க முடியாது. ஆனால், கடிதம் வரையும் கலையை நான் கற்றது பக்கத்து மேசைக்காரர் வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுத்தான்.

தொண்ணூறுகளில் எங்களுக்குப் பலகைத் தடுப்புகள் வந்தன. அவற்றின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் உருவாக்கிய 'ஆக்‌ஷன் ஆபீஸ்' 1964இல் வெளிவந்தது. 1968இல் நகர்த்தக்கூடிய தடுப்புகளோடு மறுவடிவம் பெற்றது. வேலைக்கேற்பப் பணியாளர் தம் இடத்தைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். தடுப்புகளை அகன்ற கோணத்தில் விரித்து வைக்கும்படி வடிவமைத்தார். நிறுவனங்களோ இடத்தை மிச்சம்பிடிக்க, அவற்றைச் செங்கோணத்தில் மடக்கிப் பெட்டிகளாக்கின. பிற்காலத்தில் ப்ராப்ஸ்டே இதைக் கண்டித்தார். எங்கள் அலுவலகத்திலோ தடுப்பை ஓர் அங்குலம் நகர்த்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்!

பின்பு, தடுப்பை எடுத்துவிட்டால் மனிதர்கள் கலந்து பேசுவார்கள் என்று சொல்லித் திறந்த கூடம் திரும்பி வந்தது. பெர்ன்ஸ்டைன், டர்பன் என்னும் ஆய்வாளர்கள் இரண்டு பெரிய நிறுவனங்களில் இதை அளந்து 2018இல் வெளியிட்டனர். நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. மறைவில்லாத இடத்தில் மனிதன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனக்கென ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறான்.

2020 பெருந்தொற்றுக்குப் பிறகு என் மகள் வாரத்தில் மூன்று நாள்தான் அலுவலகம் போகிறாள். நிரந்தர இருக்கை கிடையாது. முதல் நாளே கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். "போனா யார் பக்கத்துல உட்காருவேன்னே தெரியாதுப்பா" என்கிறாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் யாரைப் பார்த்து வேலை பழகுவார்கள்?

பழைய கூடமே சொர்க்கம் என்று நான் வாதாடவில்லை. அங்கே மனம் உடைந்த பெண் ஊழியர் ஒருவர் அழக்கூட மறைவில்லை. ஓர் அலுவலகத்தை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றே: அங்கே இருப்பவர் தம் நாற்காலியைத் தாமே நகர்த்திக்கொள்ள முடிகிறதா? நம் சங்க உறுப்பினர் பலர் இன்று நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார்கள். அடுத்த வரைபடத்தில் கையெழுத்திடுமுன், அங்கே உட்காரப் போகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.