சமதர்மமும் பொதுவுடைமையும்: புனே நகரச் சான்றுகளின்வழி ஒரு கருத்தாய்வு

முன்னுரை

‘சோசலிசம்’ என்னும் கருத்தாக்கத்திற்குத் தமிழில் நிலைபெற்ற ஒரு சொல் அமையவில்லை. சமதர்மம், பொதுவுடைமை என்னும் இரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆளப்பட்டு வந்துள்ளன. 1931ஆம் ஆண்டு பெரியார் குடிஅரசு இதழில் வெளியிட்ட மார்க்சு, எங்கெல்சு அறிக்கையின் மொழிபெயர்ப்பு, ‘சமதர்ம அறிக்கை’ என்றே தலைப்பிடப்பெற்றது. பின்னாளில் அதே நூல் ‘கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை’ எனப் பெயர் பெற்றது. இம்மயக்கம் சொல்லளவில் நின்றுவிடவில்லை. பொருளியல் அமைப்புகளைப் பிரித்தறிவதிலும் இடர்ப்பாட்டை உண்டாக்கியுள்ளது. மூவகை உடைமை முறைகளும் அருகருகே வளர்ந்த புனேப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இவ்விரு சொற்களின் பொருள் எல்லையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மூன்று வினாக்கள்

ஒரு பொருளியல் அமைப்பை இனங்காண மூன்று வினாக்கள் போதும். உற்பத்திக் கருவிகள் யாருடையவை? எதனை, எவ்வளவு ஆக்குவது என முடிவெடுப்போர் யார்? உழைப்பினால் விளையும் உபரி யாரைச் சேர்கிறது? முதலாளியத்தில் இம்மூன்றும் முதலீட்டாளரையும் சந்தையையும் சார்ந்தவை. சோசலிசம் இவற்றைச் சமுதாயத்தின் பொறுப்பாக்க முனைகிறது. நல அரசு முதல் இரண்டு வினாக்களைத் தொடுவதில்லை. உபரியில் ஒரு பகுதியை வரியாகப் பெற்றுக் கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் எனப் பகிர்கிறது. சோசலிசத்திற்கும் கம்யூனிசத்திற்கும் உள்ள வேறுபாடு மற்றொரு தளத்தைச் சார்ந்தது. 1875ஆம் ஆண்டு கோத்தா திட்டத்தைத் திறனாய்ந்த மார்க்சு, உழைப்புக்கேற்பப் பெறும் முதற்கட்டத்தையும் தேவைக்கேற்பப் பெறும் உயர்கட்டத்தையும் வேறுபடுத்தினார். 1917இல் எழுதிய ‘அரசும் புரட்சியும்’ நூலில் லெனின் முதற்கட்டத்தையே சோசலிசம் எனக் குறித்தார்.

அரசுடைமை பொதுவுடைமை ஆகுமா?

1955 சனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சோசலிச பாணிச் சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக ஏற்றது. புனேயை அடுத்த பிம்ப்ரியில் 1954இல் தோன்றிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், அக்காலக் கனவின் கண்கூடான வடிவம். பென்சிலின் போன்ற உயிர்காக்கும் மருந்தை நாட்டிலேயே ஆக்குதல் அதன் நோக்கம். ஆயினும் அந்நிறுவனம் பிற்காலத்தில் நலிவுற்றது. அதன் உபரி நிலத்தை விற்றுக் கடனைத் தீர்க்க 2016இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. உடைமை அரசிடம் இருந்தபோதும், முடிவெடுக்கும் உரிமை தொழிலாளரிடமோ மருந்தை நுகரும் மக்களிடமோ இருந்ததில்லை. முதல் வினாவிற்கு மட்டும் விடை கண்டு, இரண்டாம் வினாவை அதிகாரிகளிடம் விட்ட நிலை இது. எனவே அரசுடைமையைப் பொதுவுடைமை என வழங்குவது சொற்பிழை மட்டுமன்று, கருத்துப் பிழையுமாகும்.

கூட்டுறவும் அதன் எல்லையும்

தனியுடைமைக்கும் அரசுடைமைக்கும் மாற்றாகக் கூட்டுறவை முன்வைத்தவர் தி. ரா. காட்கில். 1930இல் புனேயில் நிறுவப்பட்ட கோகலே அரசியல், பொருளியல் கழகத்தின் முதல் இயக்குநரான இவர், விட்டல்ராவ் விகே பாட்டீலுடன் இணைந்து அகமதுநகர் மாவட்டத்தில் பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உருவாக உழைத்தார். கரும்பு பயிரிடுவோரே ஆலையின் பங்குதாரர் என்பதால், உபரி வணிகரிடம் சேராமல் உழவரிடமே தங்கியது. மேற்கு மகாராட்டிரச் சிற்றூர்களில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழ இம்முறை துணைநின்றது மறுக்கவியலாதது.

எனினும், இங்கே ‘உறுப்பினர்’ என்பவர் கரும்பு நிலமுடையவர். பீடு முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் புலம்பெயர்ந்து, அரிவாளுடன் வயலில் இறங்கும் கரும்பு வெட்டும் தொழிலாளர் அதில் பங்குதாரர் அல்லர். கூட்டுடைமை என்பது உடையோர் தம்முள் கூடிக்கொள்வதாகவும் அமையலாம் என்பதனை இது புலப்படுத்துகிறது.

சமதர்மம் எழுப்பும் வினா

இவ்விடத்தில்தான் சமதர்மம் என்னும் சொல்லின் வலிமையும் குறையும் ஒருங்கே விளங்குகின்றன. தருமம் என்பது பேச்சு வழக்கில் ஈகையைக் குறிக்கும். ஆதலின் உரிமையாகப் பெறவேண்டியதைக் கொடையாக எண்ணச் செய்யும் இடர் இச்சொல்லில் உண்டு. ஆனால், 1932 திசம்பரில் ஈரோட்டில் சிங்காரவேலரின் பங்களிப்புடன் சமதர்மத் திட்டம் உருவானபோது, அச்சொல் வருணதருமத்திற்கு நேர் எதிராக நின்றது. உடைமையைப் பொதுவாக்கினாலும் பிறப்பால் விலக்கப்பட்டோர் அதில் இடம்பெறுவரா என்பதே அது எழுப்பிய வினா. 1873இல் புனேயில் சத்தியசோதக் சமாசத்தை நிறுவிய சோதிராவ் புலே, உழவரின் வறுமையைச் சாதிய ஆதிக்கத்தோடு சேர்த்தே விளக்கினார். பொருளியலைச் சாதியினின்று பிரித்துக் காணாத இப்பார்வையில் ஈரோடும் புனேயும் ஒன்றுபடுகின்றன.

புனேயில் 1993இல் தோன்றிய காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து, குப்பை பொறுக்குவோரின் தொழிற்சங்கம். இதன் வழியாக உருவான ‘ஸ்வச்’ கூட்டுறவு, 2008இல் மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு வீடுதோறும் குப்பை திரட்டும் பணியை ஏற்றது. உறுப்பினருள் பெரும்பாலோர் தலித் பெண்கள். பயனர் கட்டணமும், மறுசுழற்சிப் பொருள்களின் விற்பனை வருவாயும் அவர்களையே சேர்கின்றன. இங்கு உழைப்பவரே உறுப்பினர். இழிவாகக் கருதப்பட்ட தொழில் நகரின் முறையான சேவையாக ஏற்கப்படுகிறது. எனினும் மாநகராட்சியின் உடன்பாடு புதுப்பிக்கப்படுவதைச் சார்ந்தே இப்பணி நிலைக்கிறது. அளவில் சிறியதாயினும், பொதுவுடைமை எழுப்பும் வினாவும் சமதர்மம் எழுப்பும் வினாவும் ஒருசேர எதிர்கொள்ளப்படும் இடம் இது.

முடிவுரை

1976இல் 42ஆம் திருத்தத்தின்வழி அரசமைப்பின் முகப்புரையில் சோசலிசம் இடம்பெற்றது. அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்த உச்சநீதிமன்றம், இந்தியச் சூழலில் அது நல அரசைக் குறிப்பதாகவும், தனியார் தொழில் முயற்சிக்குத் தடையன்று எனவும் விளக்கியது. சொல் காக்கப்பட்டது, உடைமை பற்றிய வினா அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இந்நிலையில் தமிழின் இரு சொற்களையும் ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது பொருந்தாது. யாருடையது என வினவப் பொதுவுடைமையும், யாவரும் அதில் சமமா என வினவச் சமதர்மமும் தனித்தனியே தேவைப்படுகின்றன. இவ்வேறுபாட்டைப் பேணும் ஆய்வே, சொற்களின் வரலாற்றோடு அச்சொற்கள் சுட்டிய வாழ்வையும் விளக்க வல்லதாகும்.